பள்ளத்தாக்கைத் தாண்டாத சிட்டு: வாசகர் கேள்வி – பதில்

கென்யாவின் தென்கிழக்கில் உள்ள தைத்தா குன்றுகளில் மட்டுமே வாழும் தைத்தா அபாலிஸ் என்ற சிறு பறவையைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. 'உலகில் வேறெங்கும் இல்லை, இங்கேயும் சில நூறுக்கு மேல் இல்லை' என்று அதில் இருந்த வரி பலரை உறுத்தியிருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

படத்தைப் பார்த்தால் நம் வீட்டு முருங்கையில் வந்து கத்தும் தையல்சிட்டு மாதிரியே இருக்கிறதே. இரண்டுக்கும் உறவு உண்டா? – மதுரை வாசகி

உண்டு. தையல்சிட்டு, வயலோரம் வால் ஆட்டும் கதிர்க்குருவி, ஆப்பிரிக்காவின் அபாலிஸ்கள் எல்லாம் ஒரே குடும்பம். உடல் சிறியது, வால் நீண்டது, அலகு ஊசி போன்றது. இலைக்கு அடியில் இருக்கும் பூச்சியையும் புழுவையும் பொறுக்கித் தின்பதே பிழைப்பு. தைத்தா அபாலிஸின் எடை பத்து கிராம் அளவுதான். முதுகு சாம்பல், தொண்டையும் மார்பும் கருமை, கண் வெளிறியது, வால் ஓரத்தில் வெள்ளை. 1938இல் மோரோ என்ற பறவையியலாளர் வைத்த லத்தீன் பெயருக்கே 'கருந்தொண்டை' என்றுதான் பொருள். ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள பட்டைத்தொண்டை அபாலிஸின் உள்ளினம் என்று முன்பு வைத்திருந்தார்கள். இப்போது தனி இனம்.

கூடு கட்டுவதில் மட்டும் உறவு விட்டுப்போகிறது. தையல்சிட்டு இலையைத் தைக்கும். அபாலிஸ்கள் பாசி, நார், சிலந்தி நூல் கொண்டு சுருக்குப்பை போலக் கூடு பின்னிப் பக்கவாட்டில் வாசல் வைக்கும். தையல்சிட்டுக்கு வாழைத்தோட்டம் போதும், வேலியோரம் போதும், மாடித்தோட்டத் தொட்டிச்செடியும் போதும். தைத்தா அபாலிஸுக்குப் போதாது. கீழே வருகிற எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

செயற்கைக்கோள் படத்தில் தைத்தா குன்றுகள் பச்சையாகத்தான் தெரிகின்றன. காடு போய்விட்டது என்பது மிகைப்படுத்தல் அல்லவா? – சென்னை வாசகர்

இல்லை. இந்தப் பச்சைதான் பலரை ஏமாற்றுகிறது. 1955ஆம் ஆண்டின் வான்வழிப் படங்களையும் 2004ஆம் ஆண்டின் படங்களையும் வைத்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டார்கள். அந்த அரை நூற்றாண்டில் மொத்த வனப்பரப்பு குறைந்தது வெறும் 2 சதவீதம். அதே காலத்தில் இயற்கைக் காடு மட்டும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. இரண்டும் சரியான கணக்குதான். ஒரு பக்கம் பழைய காடு வயலாக மாறியது. மறுபக்கம் வெறும் பாறை முகடுகளில் பைன், சைப்ரஸ், தைலமரம், சீகை (வாட்டில் மரம்) ஆகியவற்றை வனத்துறை நட்டது. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது. பறவைக்கு நேராகவில்லை.

ஏன் என்பதற்கு மரத்தின் உச்சியைப் பார்க்கக் கூடாது, இடுப்பு உயரத்தைப் பார்க்க வேண்டும். தைத்தாவின் இயற்கைக் காடு மேகத்திலிருந்து நீர் வடிக்கிற காடு. உயர்ந்த விதானம், அதன்கீழ் நடுத்தர மரங்கள், அதற்கும்கீழ் புதர், கொடி, பெரணி, தரையில் ஈரச்சருகு என்று அடுக்கடுக்காக இருக்கும். அபாலிஸ் இரை தேடுவது கீழ் அடுக்குகளில். குறிப்பாக, பெருமரம் ஒன்று விழுந்து வெளிச்சம் இறங்கிய இடத்தில் நெருங்கி முளைக்கும் புதர் அதற்குப் பிடித்தது. பைன் தோப்பில் ஊசிச்சருகு மெத்தையாகப் படிந்து விதை மண்ணைத் தொடவே முடியாது. தைலத்தோப்பில் நிழல் குறைவு, மண் காய்ந்து போகும், உள்ளூர்ப் பூச்சிகளுக்கு அந்த இலை பிடிக்காது. மரம் இருக்கும், சாப்பாடு இருக்காது.

நீலகிரியில் புல்வெளி மீது சீகையும் தைலமும் ஏறிய கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடந்த 200 ஆண்டுகளைக் கணக்கிட்டால் தைத்தாவின் ஆதிக்காட்டில் 98 சதவீதம் போய்விட்டது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

கடல் தாண்டிப் பறக்கும் பறவைகள் இருக்கும்போது, ஒரு காட்டுத்துண்டில் இடமில்லை என்றால் பக்கத்துத் துண்டுக்குப் போக வேண்டியதுதானே? – திருநெல்வேலி கல்லூரி மாணவர்

சிறகு இருக்கிறது, பழக்கம் இல்லை. அடர்ந்த புதருக்குள் வாழும் பறவைகளுக்கு வாழ்நாள் முழுவதும் கிளைக்குக் கிளை தாவல்தான். திறந்த வெளியில் தலைக்கு மேல் மறைப்பு இல்லாமல் பறப்பது பருந்துக்கு விருந்து வைப்பது போல. தைத்தாவில் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மக்காச்சோள வயல், காய்கறிப் பாத்தி, வீடு, சாலை, ஆழமான பள்ளத்தாக்கு. குன்றுகளின் அடிவாரம் சாவோவின் வறண்ட முட்காடு. அதற்குள் இந்தப் பறவை இறங்கவே இறங்காது.

பெல்ஜியப் பல்கலைக்கழகங்களும் கென்யத் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து 1990களிலிருந்து இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தன. ஓர் இனம் துண்டுக் காட்டில் நிலைக்குமா என்பதை இரண்டு குணங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். துண்டுக்குத் துண்டு நகரும் திறன் ஒன்று, கெட்டுப்போன காட்டைச் சகிக்கும் திறன் மற்றொன்று. இரண்டில் ஒன்று இருந்தால் தப்பிக்கலாம். இரண்டுமே குறைந்தவைதான் முதலில் காணாமல் போகின்றன.

சகிப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதே குன்றுகளின் தைத்தா பூங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள எம்போலோலோ காட்டில் பிடித்த பறவைகளைவிட, சிதைந்த சாவியா காட்டில் பிடித்தவற்றுக்கு இடக்கால் எலும்புக்கும் வலக்கால் எலும்புக்கும் நீள வேறுபாடு பல மடங்கு அதிகம். குஞ்சு வளரும்போது பட்ட நெருக்கடி எலும்பில் பதிந்துவிடுகிறது. இதை அளப்பதும் லேசல்ல. வேறுபாடு மில்லிமீட்டரின் பின்னம் என்பதால் அளக்கும் கையின் பிழையும் அதே அளவுக்கு வரும். எனவே ஒவ்வொரு காலையும் பலமுறை, முந்தைய அளவைப் பார்க்காமல் அளந்து, கையின் பிழையைத் தனியே கழித்த பிறகே எண்ணைச் சொல்ல முடியும்.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம்: சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் கிளி அல்ல, சோலைத் தரையில் தத்தும் சிறு பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே இன்னொன்று, தனித்தனி இனங்கள். ஒரு கணவாயைத் தாண்டாமலே பறவை யுகக்கணக்கில் இருந்துவிடும்.

120 ஹெக்டேர் காடு ஒரு சிட்டுக்குப் போதாதா? கிட்டத்தட்ட 300 ஏக்கர்! – ஈரோடு வாசகர்

தைத்தாவின் துண்டுகளில் ஒன்றான ங்கங்காவோ காட்டின் அளவைச் சொல்கிறீர்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 120 ஹெக்டேரை ஒரே சதுரமாகக் கற்பனை செய்தால் பக்கம் ஏறக்குறைய 1,100 மீட்டர். வெயிலும் காற்றும் வேட்டையாடிகளும் மாடும் விறகுக் கத்தியும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் வரை உள்ளே நுழைகின்றன என்று வைத்தால், தொந்தரவு இல்லாத உட்பகுதி சுமார் 80 ஹெக்டேர்தான். நான்கு ஹெக்டேர் துண்டு என்றால் உட்பகுதி சுழியம். நிஜக் காடு சதுரமாக இருப்பதில்லை. மலைமுகட்டில் வாழையிலை போல நீண்டு கிடக்கும், அப்போது ஓரம் இன்னும் கூடும்.

வெளிச்சம் இறங்கிய புதர் பிடிக்கும் என்றால் ஓரமும் பிடிக்கும்தானே என்று கேட்கலாம். காட்டுக்குள் மரம் விழுந்து உண்டான திறப்பும் வயலை ஒட்டிய ஓரமும் ஒன்றல்ல. முன்னதைச் சுற்றிலும் ஈரக்காடு. பின்னதில் காற்று காய்ச்சும், கூடு கலைக்கிறவையும் அங்கேதான் அதிகம் நடமாடும். தாழ்ந்த புதரில் கூடு வைக்கிற பறவைக்கு அது கண்ணி.

அப்படியானால் தைலத்தையும் பைனையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டு நாட்டு மரம் நட்டால் தீர்ந்ததா? – கோத்தகிரி வாசகர்

ஒரே மூச்சில் வெட்டுவதுதான் செய்யவே கூடாதது. சரிவில் முழு வெட்டு நடந்தால் அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். வெயில் கொட்டியதும் முதலில் வருவது நாட்டு மரம் அல்ல. புல், பெரணி, உண்ணிச்செடி, சீகைக் கன்று ஆகியவைதான் வரும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். அதனால் வெட்டிய கழிவை அங்கேயே எரிப்பது சீகைக்கு விதைப்பு விழா.

நடைமுறையில் பலன் தருவது படிப்படியான மாற்று. முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு மரத்தைச் சிறு திறப்புகளாக எடுக்கலாம். எஞ்சியவை கன்றுகளுக்கு நிழல்தாய். இயற்கைக் காட்டை ஒட்டிய பகுதியில் தொடங்கினால் பறவைகளே எச்சத்தில் விதை கொண்டுவந்து பாதி வேலையை முடித்துவிடும். பைன் வெட்டினால் செத்துவிடும். தைலம் சாகாது, அடிக்கட்டை துளிர்க்கும். துளிரை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு சலிக்காமல். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. நட்ட அன்று படம் எடுக்கப் பணம் இருக்கும், மூன்றாம் ஆண்டு களை எடுக்கப் பணம் இருக்காது.

நாற்று பற்றிச் சில குறிப்புகள். விதையை அதே குன்றின் காட்டிலிருந்து எடுக்க வேண்டும், இனத்துக்கு 20–30 தாய்மரங்களிலிருந்தாவது. ஒரே மரத்தடியில் கூடையை நிரப்பினால் எதிர்காலக் காடு முழுக்க அண்ணன் தம்பிகள். ஆப்பிரிக்கச் செர்ரி எனப்படும் புரூனஸ் ஆப்பிரிக்கானா, ஆப்பிரிக்க நாவல் இனங்கள் ஆகியவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் வைத்து, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு 'முளைக்கவில்லை' என்று புலம்புவது வழக்கமான தவறு. வாகை இனமான அல்பீசியா கம்மிஃபெரா விதை பொறுத்திருக்கும். அதற்குத் தோலைக் கீறி ஓர் இரவு ஊறவைத்தால் சீராக முளைக்கும்.

பை ஆழமாக இருக்கட்டும். குட்டைப் பையில் வேர் சுருண்டால் கன்று ஐந்தாம் ஆண்டில் காற்றில் சாயும். நடுவதற்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரங்களில் நிழலையும் நீரையும் மெல்லக் குறைத்துக் கன்றைப் பழக்க வேண்டும். 30–45 செ.மீ. உயரம் வந்ததும், மழை பிடித்து மண் ஓரடி ஆழம் நனைந்த பிறகு நடலாம். தைத்தாவில் மார்ச்–மே பெருமழை, அக்டோபர்–டிசம்பர் சிறுமழை. முதல் தூறலைப் பார்த்து அவசரப்பட்டால் நடுவில் விழும் இடைவெளியில் கன்று கருகும். இரண்டு மீட்டருக்கு ஒன்று என்றால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. சாகிறவற்றை ஈடுகட்டக் கால் பங்கு கூடுதலாக வளர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, அபாலிஸுக்கு மிக முக்கியமானது: மரம் மட்டும் நடாதீர்கள். நாற்றங்காலில் பெருமர இனங்களே நிறைந்திருந்தால் பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைப்பது நாட்டுமரத் தோப்பு. அது காடு ஆகாது. மகரங்கா போன்ற வேகமாக வளரும் முன்னோடிகள், மேசா போன்ற குறுமரங்கள், புதர்ச்செடிகள் எல்லாம் கலவையில் இருக்க வேண்டும். தானாக வரும் நாட்டுக் கொடியையும் புதரையும் 'களை' என்று சுத்தமாகச் செதுக்கிவிடும் கூலியாட்களுக்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். கன்றைச் சுற்றி ஒரு முழம் மட்டும் சுத்தம், மற்றதை விட்டுவிடலாம்.

காட்டை அழித்தது உள்ளூர் மக்கள்தானே? – பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

இதற்கு 'ஆம்' என்று சொல்லி முடிப்பது அநியாயம். சுற்றிலும் வறண்ட சமவெளி, நடுவில் மழை பெறும் குன்று. பயிர் செய்ய வேறெங்கே போவார்கள்? கீழே இறங்கலாம் என்றால் 1948 முதல் சாவோ தேசியப் பூங்கா, சைசல் கற்றாழைத் தோட்டங்கள். மேட்டில் நெருக்கம் கூடியதற்கு இவையும் காரணம். 'ஃபிகி' என்று அழைக்கப்படும் புனிதத் தோப்புகளைத் தலைமுறைகளாகக் காத்தவர்களும் அதே தைத்தா மக்கள்தான். நம் கோயில்காடுகளுக்கு ஒப்பானவை அவை. 2005ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பிறகு சமூக வனச் சங்கங்கள் காட்டு நிர்வாகத்தில் முறைப்படி பங்கெடுக்க முடிகிறது. தைலமரத்தையும் வில்லனாக்க வேண்டியதில்லை. வீட்டு நிலத்தின் ஓரத்தில் அது நின்றால் விறகும் கழியும் அங்கேயே கிடைக்கும், காட்டுக்குள் கத்தி போகாது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் அதுவும் நல்ல மரம்தான்.

பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து திரும்ப விடலாமே? – கோவை வாசகி

பத்து கிராம் பூச்சியுண்ணிக்கு நாள் முழுக்க உயிருள்ள சிறு பூச்சி வேண்டும். பகலில் சில மணி நேரம் இரை இல்லாமல் போனாலே ஆபத்து. தானியக் குருவிக்குத் தினை போடுவது போல நடக்காது. பிடிக்கும்போதே இழப்பு நேரலாம். எண்ணிக்கை சில நூறுக்குள் இருக்கையில் அந்த இழப்பைத் தாங்க முடியாது. வளர்த்து முடித்தாலும் எங்கே விடுவது? காலி இடம் இருந்தால் பறவை இந்த நிலைக்கு வந்திருக்காதே.

இடம் தயாரானால் கூண்டே தேவையில்லை. சீஷெல்ஸ் கதிர்க்குருவியைப் பாருங்கள். 1968இல் கசான் என்ற ஒரே தீவில் 26 பறவைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. தீவையே விலைக்கு வாங்கி, தென்னந்தோப்பைக் குறைத்து நாட்டுக்காட்டை எழ விட்டார்கள். பறவை தானாகப் பெருகியது. பிறகு 1988இல் 29 பறவைகளை அரீட் தீவுக்கும், 1990இல் 29 பறவைகளைக் கசீன் தீவுக்கும் நேரடியாக மாற்றினார்கள். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. தைத்தாவில் கடல் இல்லை, மற்றபடி பாடம் அதேதான்: முதலில் புதர், பிறகு பறவை.

கண்ணிலேயே படாத பறவையை எப்படி எண்ணுகிறார்கள்? – திருச்சி வாசகர்

காதால். அபாலிஸ்கள் இணையாக எல்லை வகுத்து வாழ்பவை. ஆணும் பெண்ணும் மாறிமாறிக் குரல் கொடுக்கும். விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம் நல்ல வேளை. காட்டுக்குள் குறித்த புள்ளிகளில் நின்று, வந்த கலக்கம் அடங்க ஓரிரு நிமிடம் காத்து, குறித்த நேரம் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். பதில் வராத இடத்தில் பதிவுசெய்த குரலைச் சிறிது ஒலிக்கவிட்டு மறுபடி கேட்பார்கள். நீண்ட நேரம் ஒலிக்கவிட்டால் அடுத்த எல்லையின் பறவையும் ஓடி வந்து நிற்கும், ஒன்று இரண்டாகும். எண்ணிக்கை வீங்குவதற்கு இது முக்கியக் காரணம். பனிமூட்டமும் காற்றும் உள்ள காலையில் எண்ணினால் நேர்மாறாகக் குறையும். 2001இல் 300 முதல் 650 வரை என்று மதிப்பிட்டார்கள். 2009–10இல் மறுபடி எண்ணியபோது பெரும் சரிவு தெரிந்தது. அதன்பிறகே இந்தச் சிட்டின் மேல் அவசரம் கூடியது.

தனிப் பறவையை அடையாளம் காண வண்ண வளையம். காலுக்கு இரண்டு வீதம் நான்கு இடம், ஒன்று உலோகம், மூன்று நிறம். ஆறு நிறம் இருந்தால் உலோகத்தை ஓரிடத்தில் நிலையாக வைத்தாலே 216 சேர்க்கை கிடைக்கும். இந்த இனத்துக்கு அது தாராளம். உடலில் மாட்டும் கருவி எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. பத்து கிராமுக்கு 0.3 கிராம். அந்த எடையில் சில வாரம் மட்டும் ஓடும் குட்டி வானொலிக் கருவிதான் கிடைக்கும்.

பிடிப்பது மெல்லிய கறுப்பு வலையில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது வலையைப் பார்த்தே ஆக வேண்டும். குளிர்மூட்டத்தில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். தூறல் விழுந்தால் உடனே சுருட்டிவிட வேண்டும். நனைந்த பத்து கிராம் உயிர் சூட்டை மளமளவென இழந்துவிடும். வலையின் கீழ்ப்பை தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். பறவையின் கனத்தில் அது தொய்ந்து ஈரப்புல்லைத் தொட்டால் அதுவே போதும் கொல்ல.

அடுத்த ஆண்டு சாவோ போகிறேன். தைத்தாவுக்கும் போய்ப் படம் எடுக்கலாமா? – சிங்கப்பூர் வாசகர்

போகலாம். வோய் நகரிலிருந்து வுண்டாணிக்குச் சாலை உண்டு, அங்கிருந்து ங்கங்காவோ பக்கம். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். பறவைக்குத் தெரிந்த இடம் அவர்களுக்குத் தெரியும், காட்டினால் வருமானம் வரும் என்பதே காட்டுக்கு ஒரு காவல். கைப்பேசியில் குரல் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கு ஒருமுறை செய்வது வேறு, நாள்தோறும் ஒரு சுற்றுலாக் குழு செய்வது வேறு. பறவை இரை தேடுவதை விட்டு எதிரியைத் தேடி அலையும். பாதையை விட்டு விலகிப் புதரை விலக்கிப் பார்க்கவும் வேண்டாம். நீங்கள் விலக்கும் புதரிலேயே கூடு இருக்கலாம். பெரிய லென்ஸைவிட, இருட்டில் வேலை செய்யும் லென்ஸ் முக்கியம். காலை ஏழு மணிக்கும் அங்கே அந்திவேளை போலத்தான் இருக்கும்.